புதுப்பிப்பு: எக்ஸ்32 மிக்சர் திரைக் குழப்பம் தீர்ந்தது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் ஒலி மிக்சரில் மிருதங்கத்துக்கு ஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) திருகினால், திரையில் கோடு வளைகிறது, ஸ்பீக்கரில் மாற்றமே இல்லை என்று. மிக்சர் பழுதில்லை. நான்தான் திரையைப் படிக்கவில்லை.

விஷயம் இதுதான். கை எந்த ஃபேடரில் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) இருக்கிறது என்பது திரைக்குத் தெரியாது. எந்த சானலின் (ஒரு மைக் அல்லது வாத்தியத்துக்கான வழி) செலக்ட் பட்டன் எரிகிறதோ, அதைத்தான் காட்டும். இடது மேல் மூலையில் அதன் எண்ணும் பெயரும் இருக்கும். அன்றைக்கு அங்கே இருந்தது யாரும் பாடாத ஒரு மைக். ஒரு மணி நேரம் அதற்கு ஈக்யூ போட்டிருக்கிறேன்!

திரையின் கீழ் வரிசைப் பெட்டிகளும் இப்போது பிடிபட்டுவிட்டன: திரைக்கடியில் உள்ள 6 குமிழ்களும் அந்தந்தப் பெட்டிக்கு நேர் கீழே. பெட்டி போதாவிட்டால் லேயர் பட்டனைத் தட்டினால் அடுத்த வரிசை வரும். 'வியூ' பட்டன் சொன்ன நண்பருக்கு நன்றி. கெய்ன் (உள்ளே வரும் ஒலியின் ஆரம்ப அளவு), ஈக்யூ என ஒவ்வொரு பகுதியிலும் அதை அழுத்தினால் நேராக அந்தப் பக்கம் திறக்கிறது.

சென்ட்ஸ் ஆன் ஃபேடர் (ஃபேடர்களை மானிட்டர் போன்ற வேறு வழிக்குப் போகும் அளவுக்கு மாற்றும் பட்டன்) இன்னும் கொஞ்சம் பயமுறுத்துகிறது. அணைக்க மறந்து ஒருமுறை மானிட்டர் (மேடையில் கலைஞர்கள் கேட்கும் ஸ்பீக்கர்) அளவையே கலைத்துவிட்டேன்.