‘நைட்ஸ் ஃபீ’ என்பதற்கு ‘அமரம்’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கற்பனைச் சிற்றாட்சி ஒன்றின் படையமைப்பை விளக்கும் விளையாட்டு விதிநூலைத் தமிழாக்கும் நண்பர் அனுப்பிய சொற்பட்டியலில், ‘நைட்ஸ் ஃபீ’ என்பதற்கு நேராக ‘வீரர் கட்டணம்’ என்றிருப்பதைக் கண்டேன். இந்த ‘ஃபீ’ பள்ளிக்கூடத்தில் கட்டும் ஃபீஸ் அன்று. ஒரு குதிரைவீரர் தமக்கும் குதிரைக்கும் படைக்கலங்களுக்கும் ஆகும் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி அவருடைய தலைவர் விட்டுக்கொடுத்த நிலம். அதற்கு ஈடாக அவர், வழக்கத்தின்படி ஆண்டுக்கு 40 நாள், படைக்கு வர வேண்டும்.

விதிநூலின் அமைப்பு 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஒட்டியது. 1166-இல் அரசர் இரண்டாம் ஹென்றி தம் பிரபுக்களிடம், அவரவர் நிலத்தில் எத்தனை வீரர்களை அமர்த்தியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கணக்குக் கேட்டார். 1181-இல் பிறந்த ஆயுத ஆணை, ஒரு ஃபீக்கு ஒரு கவசம், ஒரு தலைக்கவசம், ஒரு கேடயம், ஓர் ஈட்டி என்று வகுத்தது. ஆகவே ‘நைட்ஸ் ஃபீ’ நிலத்தின் வகையை மட்டுமல்லாமல், படைக்கடமையை எண்ணும் அலகையும் குறிக்கிறது. முன்பு இங்கே முன்மொழியப்பட்ட ‘படைமானியம்’ பொருளில் பிழையற்றதாயினும், எண்ணுவதற்கு வசதியாக இல்லை.

எனவே ‘அமரம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். விசயநகர ஆட்சியில் படை வைத்துக்கொள்வதற்காக நாயக்கர்களுக்கு விடப்பட்ட பகுதி அமரம் எனப்பட்டது. ஆனால் அது பெருநிலப்பரப்பு. நமக்கு நெருக்கமானது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் சொல்வழக்கு: அங்கே படைச்சேவகத்துக்காகச் சிறு நிலம் பெற்றவர்களே அமரக்காரர்கள்.

அமரர் ஊர்தி நினைவுக்கு வருமே என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். வரும்தான், ஆயினும் ‘அமர்’ என்றால் போர் என்பதும் தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே. ‘பாரன்’ என்ற பட்டத்தை நண்பர் ‘பேரன்’ என்று எழுதியிருப்பதுதான் இதைவிடப் பெரிய இடர். ‘பேரன் தம் படையுடன் புறப்பட்டார்’ என்று படித்தவுடன் தாத்தா எங்கே என்று தேடத் தோன்றுகிறது.

அலகாக நிற்குமா என்பதைப் பின்னங்களில் சோதித்துப் பார்த்தேன். வாரிசுகளிடையே பங்கு பிரிந்து, அரை ஃபீ, கால் ஃபீ, அதனினும் சிறிய துண்டுகள் என்றெல்லாம் இங்கிலாந்தில் நிலங்கள் சிதறின. அரை அமரம், அரைக்கால் அமரம், மாகாணி அமரம் என்று தமிழில் தடங்கலின்றி வருகிறது. அரை வீரர் குதிரையேற இயலாதாகையால், இத்தகைய சிறு பங்குகாரர்கள் பெரும்பாலும் பணமாகவே தீர்த்தார்கள்.

அந்தப் பணம்தான் ‘ஸ்கூட்டேஜ்’. கேடயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1159-இல் துலூஸ் படையெடுப்புக்காக ஃபீ ஒன்றுக்கு 2 மார்க் (அக்காலப் பணக்கணக்கு அலகு) வீதம் தண்டினார்கள். இதற்கு, தறிக்கும் செக்குக்கும் விதித்த பழைய வரிகளான தறியிறை, செக்கிறை போல் ‘கேடய இறை’ என்று பட்டியலில் உள்ளது. ஓசை நன்றாயிருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. தறி வைத்திருப்பவர் தறியிறை செலுத்துவார், ஆனால் ஸ்கூட்டேஜைச் செலுத்துபவரோ கேடயம் ஏந்தி வராதவர். சொல்மூலத்தை இழந்தாலும் ‘படைவிலக்குப் பணம்’ என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

முறைவைத்துக் கோட்டையில் தங்கும் கடமைக்குக் ‘கோட்டைக்காவல்’ போதும். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நிலமின்றிப் பிரபுவின் இல்லத்திலேயே உண்டு உறங்கிப் பணிபுரிந்த வீரர்களுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. சோழர் காலப் படையினர் சிலரைக் குறித்த ‘வேளைக்காரர்’ என்ற சொல்லை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்; அரசருக்காக உயிர்விடும் சூளுரை அச்சொல்லோடு ஒட்டியிருக்கிறது, இவர்களோ சோற்றுக்கும் கூலிக்கும் இருந்தவர்கள். ‘மனைப்படை’ சரிவருமா என்று குழுவினர் கூற வேண்டுகிறேன்.

அன்புடன்.