ஏவாமல் நின்ற ராக்கெட்டுகள்: காத்திருந்தவர்களின் அனுபவங்கள்

ராக்கெட் மேலே போனதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடைசி நேரத்தில் நின்றுபோன ஏவுதலைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சோதனை ஏவுதல், டிவி-டி1. காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது. வானிலை சரியில்லை என்று 8:30 ஆனது, அப்புறம் 8:45 ஆனது. நேரலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்து, ஒன்பது என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து 5 விநாடியில் அப்படியே நின்றுவிட்டது. ராக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது. சற்று நேரத்தில் இஸ்ரோ தலைவர் சோமநாத் திரையில் வந்தார். எஞ்சின் பற்றவைப்பு முறைப்படி நடக்கவில்லை, ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, காரணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். சுற்றி வளைக்காத அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

என்னோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "இன்னைக்கு அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விட்டார்கள். நான் எழவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, 10 மணிக்கு அதே ராக்கெட்டை ஏவினார்கள்! வழியில் ஆபத்து வந்தால் வீரர்கள் இருக்கும் கலத்தை மட்டும் தனியே இழுத்துக்கொண்டு விலகும் தப்பிப்பு அமைப்பைச் சோதிக்கத்தான் அந்தப் பயணமே. அது பிரிந்தது, பாராசூட் விரிந்தது, கலம் வங்கக் கடலில் இறங்கியது. எல்லாம் நன்றாகவே நடந்தது. இருந்தாலும் எனக்கு அந்த 5 விநாடிதான் பெரிது. நாளை மனிதர்களை அனுப்பப்போகும் திட்டத்தில், சந்தேகம் வந்தால் ராக்கெட் தானாக நிற்கிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகுதான் எந்த ராக்கெட்டைக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். திரவ எரிபொருள் எஞ்சினைப் பற்றவைத்த பிறகும் அணைத்துவிடலாம். திட எரிபொருள் பற்றிக்கொண்டால் எரிந்து தீரும் வரை எரியும், யாராலும் நிறுத்த முடியாது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் திட எரிபொருள். எல்விஎம்3 தரையை விட்டுக் கிளம்புவதும் இரண்டு திட பூஸ்டர்களால்தான். அதன் நடுக்கட்டத் திரவ எஞ்சின்கள் வானில் போகும்போதுதான் பற்றவைக்கப்படுகின்றன. ஆகவே அங்கே எல்லாச் சந்தேகமும் பூஜ்யத்துக்கு முன்பே தீர்ந்தாக வேண்டும். ஜிஎஸ்எல்வி வேறு மாதிரி. பக்கவாட்டில் இருக்கும் நான்கு திரவ பூஸ்டர்கள் 4.8 விநாடி முன்னதாகவே எரியத் தொடங்கும். நான்கும் சரியாக உந்துகின்றன என்று கணினி பார்த்த பிறகுதான் நடுவில் இருக்கும் திட மோட்டாருக்கு நெருப்பு. முதல் ஜிஎஸ்எல்வி 2001 மார்ச் 28 அன்று இப்படித்தான் தப்பியது. ஒரு பூஸ்டரில் உந்துவிசை போதவில்லை. கிளம்ப ஒரு விநாடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் அணைத்தது. கீழே தீயும் புகையும், நடுவில் ராக்கெட் முழுசாக நின்றது. ஏப்ரல் 18 அன்று அதையே ஏவினார்கள். அந்தப் பழைய காட்சி கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

* * *

நான் நேரில் போனவன். 2019 ஜூலை 15, சந்திரயான்-2. ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் அந்த ஆண்டுதான் திறந்திருந்தது. ஏவுதல் அதிகாலை 2:51. நடுராத்திரியிலும் குழந்தைகளோடு அத்தனை கூட்டம். கவுன்ட் டவுன் 56 நிமிடம் 24 விநாடியில் நின்றது. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இப்போது தொடங்கிவிடும் என்று எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ராக்கெட்டில் தொழில்நுட்பக் கோளாறு, இன்று ஏவுதல் இல்லை என்று அறிவிப்பு வந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அப்பாவிடம் "அப்போ நிலாவுக்குப் போகாதாப்பா?" என்று கேட்டாள். "போகும்மா, சரி பண்ணிட்டுப் போகும்" என்றார் அவர்.

ஜூலை 22, பிற்பகல் 2:43க்குப் போனது. ஒரு வாரம் தள்ளிப்போயும், நிலவைச் சுற்றும் நாள்களைக் குறைத்துக்கொண்டு, தரையிறங்கும் நாளைச் செப்டம்பர் 7 என்றே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்புதான். இறங்கும்போது லேண்டர் கைவிட்டுப் போனதும், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 அதே வேலையை முடித்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

நேரில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் வராது. பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேர ஏறக்குறைய 30 விநாடி ஆகும். நெருப்பைப் பார்த்துக் கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு, ராக்கெட் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும்போது, அந்த இரைச்சல் வந்து நெஞ்சுக்கூட்டில் அதிரும். எந்த ஸ்பீக்கரிலும் அது கிடைக்காது. முதல் இரண்டு நிமிடம் போனைக் கையில் எடுக்காதீர்கள்.

* * *

சிலருக்கு ஒத்திவைப்பு என்றாலே கோளாறு என்ற நினைப்பு. 2024 டிசம்பர் 30, இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ். இரவு 9:58 என்று சொல்லியிருந்ததை 10 மணிக்கு மேல் 15 விநாடி என்று மாற்றினார்கள். ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. போகும் பாதையில் வேறு செயற்கைக்கோள்கள் நெருங்கி வரும் நேரம் என்பதால் இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்தார்கள். சந்திரயான்-3ஐக்கூட விண்வெளிக் குப்பை ஒன்றுக்காக 4 விநாடி தள்ளித்தான் ஏவினார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுகளில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. 2020 மே 27 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் இரண்டு வீரர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, கிளம்ப 17 நிமிடம்கூட இல்லாதபோது மோசமான வானிலையால் நிறுத்தினார்கள். மழை விட்டதும் ஏவலாமே என்று அன்று நேரலையில் எத்தனையோ பேர் கேட்டார்கள். முடியாது. நிலையத்தின் சுற்றுப்பாதைக்கு நேராக ஏவுதளம் வரும் நொடியில் கிளம்பினால்தான் உண்டு. அந்த நொடி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னே நகரும். புளோரிடா நேரப்படி மே 27 அன்று அது மாலை 4:33. மூன்று நாள் கழித்து ஏவியது பிற்பகல் 3:22. கழித்துப் பாருங்கள், நாளுக்கு ஏறக்குறைய 24 நிமிடம் வரும். இது தெரிந்த பிறகு, ஒத்திவைப்பு அறிவிப்பு வந்ததும் அடுத்த நேரத்தை நானே கணக்குப் போட்டுவிட்டு, அவர்கள் அறிவிப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒத்துப்போனால் வரும் சந்தோஷம் தனி.

* * *

என் பங்குக்கு ஆர்ட்டெமிஸ் 1, நாசா நிலவுக்கு ஆளில்லாமல் அனுப்பிய சோதனைப் பயணம். 2022 ஆகஸ்ட் 29 அன்று ஒரு எஞ்சின் போதுமான அளவு குளிரவில்லை என்று உணரி காட்டியது, நிறுத்தினார்கள். செப்டம்பர் 3 அன்று ஹைட்ரஜன் கசிவு. அப்புறம் இயன் சூறாவளிக்குப் பயந்து ராக்கெட்டையே கட்டடத்துக்குள் திருப்பி எடுத்துப்போனார்கள். நவம்பரில் நிக்கோல் சூறாவளி வந்தபோது ராக்கெட் ஏவுதளத்திலேயே நின்று தாங்கியது.

நவம்பர் 16 அதிகாலையில் ஏவ வேண்டும், முந்தைய இரவு மறுபடியும் கசிவு. எரிபொருள் நிரம்பிய நிலையில் ராக்கெட்டுக்கு அருகே பொதுவாக யாரையும் விடுவதில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற 'ரெட் க்ரூ' என்று ஒரு சிறு குழு இருக்கிறது. அவர்களில் மூன்று பேர் இரவில் ஏவுமேடைக்குப் போய், ஹைட்ரஜன் வால்வின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வந்தார்கள். தலைக்கு மேலே முழுத் தொட்டி இருக்கும்போது கையில் கருவியோடு நிற்கும் அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. கசிவு நின்றது. சரி, கிளம்பிவிடும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அடுத்த தடங்கல், ராக்கெட்டைக் கண்காணிக்க வேண்டிய ரேடார் நிலையத்தில் தொடர்பு இல்லை. தேடிப் பார்த்தால் ஒரு ஈதர்நெட் சுவிட்ச் பழுது. அதை மாற்றினார்கள். அதிகாலை 1:04க்குப் போக வேண்டியது 1:47க்குப் போனது. நமக்கு அப்போது மதியம் 12:17.