படப் புத்தகம்தான், ஆனா சின்னப் பசங்களுக்கு இல்ல. உங்கள உலுக்கினது எது?

காட்பாடி வாசகி
உல்ஃப் எர்ல்புருச்சோட வாத்து, சாவு, துலிப் பூ புக்க இங்க பாதிப் பேர் படிச்சிருப்பீங்க, அதனால சாவே ஒரு ஆளா வந்து வாத்து கூட சுத்தற கதைன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடறேன். எங்க ஆயா போய், காரியம் முடிஞ்சு, சொந்தக்காரங்கல்லாம் ஊருக்குக் கெளம்பின அப்புறம் காலேஜ் படிக்கிற எங்கக்கா பொண்ணு அத எடுத்துட்டு வந்து எங்கம்மா பக்கத்துல உக்காந்து பக்கம் பக்கமா தமிழ்ல சொல்லிகினு இருந்தா. அம்மா முருங்கக்கீர உருவிகினே அரைகாதா கேட்டுகினு இருந்தாங்க. குளத்துல எறங்கி சாவுக்குக் குளிரெடுக்குது, வாத்து அது மேல படுத்து சூடு குடுக்குது, அந்த இடத்துல சிரிச்சாங்க கூட, "இன்னாடி இது, சாவுக்கே குளுருதா"ன்னு. கடைசில பனி கொட்டுது, வாத்துக்கு மூச்சு நின்னுடுது, சாவு குனிஞ்சு கலைஞ்சு கெடக்குற எறகு நாலஞ்ச நீவி சரி பண்ணும் பாருங்க, அங்க அம்மா கை அப்டியே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆயாவ ஐசியூலேர்ந்து வெளிய குடுக்கறப்ப ரெட்ட ஜடை பின்னி உட்டிருந்துச்சு. வூட்ல எப்பவும் கொண்டைதான. யாரு பின்னாங்கன்னு கேக்கவே இல்லியேடி"ன்னாங்க. நைட் ட்யூட்டில இருந்த யாரோ ஒரு நர்ஸ் பொண்ணு சிக்கெடுத்து பின்னியிருக்கணும். அதுலேர்ந்து எனக்கு அந்த ஜடைதான் கண்ணுல நிக்குது.

லாட்ஜ் தம்பி
அக்கா, படிச்சிட்டு என்ன எழுதறதுன்னே தெரியல.

நம்மது ஷான் டானோட த அரைவல், 2006ல வந்தது, ஒரு எழுத்து கூட இருக்காது, மொத்தமும் பென்சில் படம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருல எங்க மாமா லாட்ஜ்ல ரிசப்ஷன்ல உக்காருவேன், அந்தத் தெரு உங்களுக்கே தெரியும், போர்டு பாதி பெங்காலிலதான் இருக்கும். வர்றவங்க எல்லாரையும் தாதான்னுதான் கூப்புடுவோம், பெங்காலில அண்ணன்னு அர்த்தம். ஒரு தாதா, சம்சாரத்துக்கு ரேடியேஷன், ராத்திரி தூக்கம் வராம கீழ வந்து சோஃபால உக்காருவாரு. அவருக்கு தமிழ் வராது, எனக்கு பெங்காலி வராது, ஹிந்தி ரெண்டு பேருக்கும் அரைகொற. டேபிள் மேல கெடந்த புக்க எடுத்து அவரா பொரட்ட ஆரம்பிச்சாரு. பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு பொழைக்கப் போனவன் பாஷை தெரியாத ஊர்ல ரூம் கேக்கறதுக்கு நோட்டுல கட்டில் வரைஞ்சு காட்டுவான் இல்ல, அந்த எடத்துல வெரல வெச்சு, அப்புறம் தன் நெஞ்சத் தொட்டு, அப்புறம் என்னக் காட்னாரு. வந்த மொத ராத்திரி எங்கிட்ட கன்னத்துல கை வெச்சு தூங்கற மாதிரி காட்டித்தான் அவரும் ரூம் கேட்டாரு, பின்னாடி அந்தம்மா பையக் கட்டிப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்தாங்க. ரூம் காலி பண்ணி எவ்ளோ நாளாச்சு, அந்தம்மாவுக்கு எப்படி இருக்குன்னு தெரியல.

குடியாத்தம் டீச்சர்
ரெண்டும் நல்ல அனுபவம். ஆனா வாத்து புக்க பத்து வயசுக்குக் கீழ இருக்கற பசங்க கைல குடுக்கவே கூடாதுன்னு நான் உறுதியா சொல்வேன்.

என்னோடது சுருக்கமா: மைக்கேல் ரோசன் சேட் புக், படம் க்வென்டின் பிளேக், 2004. அவர் பையன் எட்டி 18 வயசுல 1999ல மூளைக்காய்ச்சல்ல போயிட்டான், அதப் பத்தி எழுதினது. என் கிளாஸ்ல அப்பா இல்லாத ஒரு ஒன்பதாவது பையன் மொதப் பக்கத்தத் தாண்டவே இல்ல. அதுல அவர் பல்லக் காட்டிச் சிரிப்பாரு, உள்ள அழுகைய வெச்சிக்கிட்டு சிரிக்கற மாதிரி நடிக்கறேன்னு இருக்கும். "மிஸ், நானும் இப்டித்தான் வந்துட்டுப் போறேன்"ன்னான்.

இப்போ குடுக்கறவங்களுக்கு சிலது சொல்லணும். மொதல்ல நீங்க தனியா உக்காந்து முழுசா பாருங்க, நமக்கே தாங்கலன்னா பசங்க முன்னாடி கொரல் ஒடையும். தூங்கறதுக்கு முன்னாடி வேணாம், பகல்ல, அப்புறம் வெளயாட போற மாதிரி நேரம் பாத்து. படிச்சு முடிச்சதும் இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டன்னு கேக்காதீங்க, அங்கயே அந்தப் புள்ள மூடிக்கும். சேட் புக்ல எட்டி சின்ன வயசுலேர்ந்து வளர்ந்துட்டே வர்ற மாதிரி படம் வரிசையா வந்து கடைசிக் கட்டம் வெறுமையா இருக்கும், அங்க நீங்க எதுவும் பேசாதீங்க, பக்கத்த அவங்களே திருப்பட்டும். வீட்ல சாவு நடந்து பதினாறு நாள் முடியறதுக்குள்ள யாருக்கும் குடுக்காதீங்க, பெரியவங்களுக்கும்தான். அவங்களா கேட்டா மட்டும் குடுங்க.

பாலாத்துக்காரன், ஆம்பூர்
டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த பத்து வயசு கணக்கு எனக்கு ஒத்து வரல. எர்ல்புருச் குழந்தைங்க புக்குக்குன்னே 2006ல ஆண்டர்சன் விருது வாங்கின மனுஷன். நம்ம ஊர்ல சாவு மேளம் தெருவுல போறப்ப எந்தப் புள்ளய உள்ள வெச்சு கதவ சாத்தறோம்? எல்லாம் வாசப்படில நின்னு பாத்துகினுதான் இருக்கு. பூவ வாரி எறச்சுகினு போறத பாக்கலாம், வாத்த பாக்கக் கூடாதா?

சென்னை தாரா புக்ஸ் போட்ட சுனாமின்னு ஒண்ணு, மேற்கு வங்காளத்து பட்டுவா ஓவியருங்க வரைஞ்சது. படச்சுருள விரிச்சு பாட்டா பாடி கதை சொல்றவங்க அவங்க, 2004 சுனாமியயும் அப்டியே வரைஞ்சிருக்காங்க. கைல ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணது, தொட்டா மை தட்டுப்படும், மடிப்பு மடிப்பா பிரிச்சா கூடத்துல பாதி நெறைஞ்சிடும். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அதுக்கு முன்னாடி என் பொண்ணு ஆத்துல தண்ணியே பாத்ததில்ல, மணலும் முள்ளுச்செடியும்தான் அவளுக்கு ஆறு. அந்த மழை ஓஞ்ச அப்புறம் இத தரைல விரிச்சேன். அப்ப ரெண்டாவது படிச்சிட்டிருந்தா. குப்புறப் படுத்து, தண்ணில கெடக்கற ஒவ்வொரு மூஞ்சியா வெரல வெச்சு "இவங்க பேரு இன்னா, இவங்க பேரு இன்னா"ன்னு கேட்டுகினே போனா. எனக்கு எந்தப் பேரும் தெரியல. அவளே ஒவ்வொருத்தருக்கா பேரு வெச்சா, எல்லாம் எங்க தெருக்காரங்க பேரு. பயந்தது நான்தான், அவ இல்ல.

குடியாத்தம் டீச்சர்
உங்க பொண்ணு பக்கத்துல நீங்க படுத்திருந்தீங்க. தனியா பாக்கற புள்ளைங்களுக்கு யாரு இருக்காங்க? நான் அதத்தான் சொல்றேன்.

ராணிப்பேட்டை மெக்கானிக்
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என் பிரண்டோட தம்பி போன மாசம் பைக்ல அடிபட்டு போயிட்டான். இவன் வேலைக்கு வர்றான், டீ குடிக்கறான், பேசறதில்ல. சேட் புக் குடுக்கலாமா? அவனுக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது. டீச்சர் சொல்ற மாதிரி அவனா கேக்கட்டும்னு இருக்கணுமா?

லாட்ஜ் தம்பி
இங்கிலீஷ் ப்ராப்ளம்னா அரைவல் குடுங்கண்ணே, எழுத்தே இல்ல.

காட்பாடி வாசகி
கேக்கல்லாம் மாட்டாங்க தம்பி. எங்கம்மா கேட்டாங்களா? ஒர்க் ஷாப்ல அவன் டீ குடிக்கற எடத்துல வெச்சிட்டு நீங்க வேலையப் பாருங்க. எடுத்தா எடுக்கட்டும், க்ரீஸ் கை பட்டா படட்டும்.