தளமா, மேடையா, களமா? ஸ்மார்ட்போன் பிளாட்பார்முக்கு ஒரு சொல்

பொருள்: எரியும் பிளாட்பார்ம் – உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம்.

நோக்கியா சரிந்த கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் திறந்து 2014 நவம்பரில் மூடப்பட்டதைப் பக்கத்து ஊரிலிருந்து பார்த்தவன் என்பதால் இந்த ஆசை. வேகமாகப் போய்க்கொண்டிருந்த கட்டுரை, 2011 பிப்ரவரியில் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் ஈலாப் ஊழியர்களுக்கு எழுதிய மடலில் வந்து மாட்டிக்கொண்டது. வடகடலில் எண்ணெய் எடுக்கும் பிளாட்பார்மில் வேலை செய்பவன், இரவில் தீப்பிடித்ததும் உறையவைக்கும் கடலில் குதிக்கிறான். நாமும் எரியும் பிளாட்பார்மில்தான் நிற்கிறோம் என்கிறார் ஈலாப். அவர் மனத்தில் இருந்தது சிம்பியன், அதாவது நோக்கியா கைபேசிகளை அப்போது இயக்கிய மென்பொருள். போதாக்குறைக்கு, இனிச் சண்டை கருவிகளுக்குள் இல்லை, எக்கோசிஸ்டங்களுக்குள் (கருவியோடு செயலிகள், சேவைகள், அவற்றைச் செய்பவர்கள் எல்லாம் சேர்ந்தது) என்றும் எழுதிவிட்டார்.

பிளாட்பார்முக்கு இப்போதைக்கு ‘இயங்குதளம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்தால் எனக்கே ஒட்டவில்லை. பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

*

மறு: எரியும் பிளாட்பார்ம் – உதவி தேவை

தம்பி, வணக்கம். வரைவைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இந்த வரி:

> ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஐஓஎஸ் இயங்குதளத்தோடு மோதியது.

இலக்கணத்தில் குற்றமில்லை. சொல்ல வந்தது மட்டும் இதில் இல்லை.

‘இயங்குதளம்’ கருவியை இயக்கும் மென்பொருளுக்கு நிலைத்துவிட்ட பெயர். ‘இயக்க முறைமை’தான் சரி என்று இங்கே சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது இருக்கட்டும். அந்தச் சொல்லுக்குள் ‘தளம்’ இருக்கவே, பிளாட்பார்முக்கும் அதையே நீட்டிவிடக் கை தானாகப் போகிறது. இரண்டும் ஒன்றா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. நான் இதை ஹுவாவே சோதனை என்பேன்.

2019 மே மாதம் அமெரிக்க அரசு ஹுவாவேயை வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் மேட் 30 வெளிவந்தது. அதற்குள் இருந்தது ஆண்ட்ராய்டு 10. திறமூலம், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால் அதை எடுத்துப் போட்டுக்கொள்ள யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் பிளே ஸ்டோர் இல்லை, கூகுள் மேப்ஸ் இல்லை, யூடியூப் செயலி இல்லை. சீனாவுக்குள் இது யாருக்கும் உறைக்கவில்லை, அங்கே கூகுள் சேவைகளுக்கு முன்பே இடமில்லை. ஐரோப்பாவில் உறைத்தது. அருமையான கேமரா உள்ள கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமான செயலிகளை எங்கிருந்து இறக்குவது என்று மக்கள் தேடினார்கள். ஆக, இயங்குதளம் அப்படியே இருந்தது. பறிபோனது வேறு ஒன்று. நமக்குப் பெயர் வேண்டியது அந்த வேறு ஒன்றுக்குத்தான்.

அது என்ன என்று மக்கள் பேச்சிலேயே தேடிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன்னால், சென்னை ரிச்சி தெருவில் ஒரு கைபேசிக் கடை. என்னிடம் அப்போது இருந்த கைபேசி ஆண்ட்ராய்டும் இல்லை, ஐபோனும் இல்லை. எது என்று சொல்லமாட்டேன், செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. கவுண்டரில் இருந்த பையன் அதை வாங்கி, சட்டையில் திரையைத் துடைத்து, இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். “செட்டு சூப்பர் சார். ஆனா இதுல ஒண்ணும் வராது.”

அந்த ‘வராது’ எனக்குப் பிடித்துப்போனது. செயலியைப் பற்றி நம் ஆட்கள் கேட்பது எப்போதும் வருமா, வராதா என்றுதான். 2017-ல் ஜியோபோன் வந்தபோது வாட்ஸ்அப் அதில் கிடையாது, 2018 செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கைபேசிக் கடைகளில் எல்லோரும் கேட்ட கேள்வி “இதுல வாட்ஸ்அப் வருமா?” என்பதுதான். ‘ஓடுமா’ என்று கேட்டவர்கள் குறைவு. ஓடுவது இயங்குதளத்தின் மேல். வருவது ஒரு இடத்துக்கு. அந்த இடத்துக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது, வந்தால் எவ்வளவு காசு அவிழ்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருப்பார். இத்தனையும் சேர்ந்ததுதான் பிளாட்பார்ம்.

இனிச் சொற்களைப் பார்ப்போம். ‘பிளாட்பாரம்’ என்று ஏற்கெனவே தமிழாகிவிட்ட சொல் இருக்கிறதே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். இருக்கிறது. ஆண்ட்ராய்டு பிளாட்பாரம் என்று எழுதினால் வாசகர் அங்கே பனியன் விற்கிறார்களா என்று கேட்பார். ‘தளம்’ தாங்க முடியாத சுமையோடு நிற்கிறது. வலைத்தளம், ஓடிடி தளம், விமானத் தளம், மாடியில் கான்கிரீட் போட்ட தளம், இதில் இன்னொன்றா? ‘மேடை’ பேசுவதற்கும் மாலை போடுவதற்கும் உரியது. மேடையில் நிற்பவருக்கு மேடைக்காரர் காசு கொடுப்பார், இங்கே கதை தலைகீழ். ‘சூழல் மண்டலம்’ எக்கோசிஸ்டத்துக்குச் சரி. ஆனால் காட்டுக்கு உரிமையாளர் கிடையாது, விதி எழுதுபவர் கிடையாது. அந்த உரிமையாளரை மறைப்பதற்காகவே நிறுவனங்களுக்கு எக்கோசிஸ்டம் என்ற சொல் அவ்வளவு பிடிக்கிறது என்பது என் சந்தேகம். ‘திணை’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். முதல், கரு, உரி எல்லாம் அழகாகப் பொருந்தும், பல பிளாட்பார்மிலும் ஓடும் செயலியைத் திணைமயக்கச் செயலி என்று கூடச் சொல்லலாம். சிரித்து முடித்ததும் ஒதுக்கிவிட்டேன். ‘சந்தை’ நெருக்கமானதுதான், ஆனால் ‘ஸ்மார்ட்போன் சந்தை’ என்பதில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது.

என் பரிந்துரை: களம்.

போர்க்களத்தை நினைத்துச் சொல்லவில்லை, நெற்களத்தை நினைத்துச் சொல்கிறேன். அறுத்த கதிர் நேரே வீட்டுக்குப் போகாது, களத்துக்கு வரும். அடித்து, தூற்றி, அளந்து, பங்கு கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு மிச்சம்தான் வண்டியில் ஏறும். ஆப்பிள் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது, செயலி விற்ற பணத்தில் நூற்றுக்கு 30 அங்கேயே கழித்துக்கொண்டு மீதியை உருவாக்கியவருக்கு அனுப்பியதும் இதே களத்துக் கணக்குதான். 2021-லிருந்து சிறியவர்களுக்கு 15 என்று இறங்கியது. அதுவும் அளந்தபின்தான் வீட்டுக்கு. (களத்தில் ஊர்ப் பணி செய்பவர்களுக்கு அளந்து கொடுத்த பங்குக்குச் செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய கணக்குகளில் ‘சுதந்திரம்’ என்று பெயர். இதைக் கமிஷனுக்குப் பரிந்துரைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.)

நமக்கே பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியில் உள்ளே போய் ஒரு அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அது இயங்குதளத்தின் குறை. அதே ஆண்ட்ராய்டு 2009-ல், 1.5 பதிப்பிலேயே, வெளியார் செய்த விசைப்பலகைகளை உள்ளே விட்டுவிட்டது. ஆப்பிள் 2013-ல் ஐஓஎஸ் 7-ல் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளையும் தானே தந்தது, ஆனால் வெளியார் விசைப்பலகைக்கு 2014-ல் ஐஓஎஸ் 8 வந்தபோதுதான் கதவைத் திறந்தது. இது களத்தின் விதி. இரண்டையும் ‘இயங்குதளம்’ என்ற ஒரே சொல்லில் போட்டால், எழுத்து உடைந்ததற்கும் கதவு மூடியிருந்ததற்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

செய்தி மொழியிலும் வைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு முதலில் 1,337.76 கோடி ரூபாயும், சில நாளில் பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக 936.44 கோடியும் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதற்கு அபராதம் என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இயங்குதளம் இலவசம், களத்துக்குத்தான் நிபந்தனை என்றதும் புரிந்துகொண்டார்கள்.

*

மறு: மறு: எரியும் பிளாட்பார்ம் – உதவி தேவை

ஐயாவுக்கு வணக்கம். மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன்.

தளத்தால் உங்களுக்கு வந்த வில்லங்கம் எங்களுக்கு இல்லை. இங்கே பாடநூல்களில் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ‘பணிசெயல் முறைமை’. அதில் தளம் இல்லாதபடியால், பிளாட்பார்மைத் தளம் என்று எழுதினால் எங்கள் மாணவர்கள் குழம்ப மாட்டார்கள். ஒரு பக்கத்துக் குழப்பத்துக்காக எல்லோருக்கும் புதுச்சொல் வேண்டுமா?

இரண்டாவது, களம் மட்டும் சும்மா இருக்கிறதா? கள ஆய்வு, களப்பணி, டொமைனுக்கு ஆள்களம். நீங்கள் ‘களப்போட்டி’ என்று எழுதினால் பாவனையாளர் ஒருவர் அதை விளையாட்டுச் செய்தி என்று நினைப்பார்.

மூன்றாவது, சூடு மிதித்த களவெட்டியை (கதிர் மிதித்து நெல் பிரித்த களத்தை) நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இப்போது இயந்திரம் வயலுக்குள்ளேயே வெட்டி, அடித்து, மூட்டையில் தந்துவிடுகிறது. என் மகளுக்குக் களம் என்றால் கைத்தொலைபேசியில் விளையாடுகிற போர்க்களம்தான். உவமை தெரியாதவருக்கு உவமையால் ஆன சொல் எதற்கு?

*

மறு: மறு: மறு: எரியும் பிளாட்பார்ம் – உதவி தேவை

அன்பு நண்பரே, மூன்றாவதிலிருந்து வருகிறேன். உவமை மறந்துபோவது சொல்லுக்குக் குறையில்லை. நிரலாளர்கள் நிரல் சேமிக்கும் இடத்தை ‘களஞ்சியம்’ என்று தினமும் எழுதுகிறார்கள், யாரும் நெல்லை நினைப்பதில்லை. உங்கள் மகள் போர்க்களத்தை நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. அங்கே நடப்பது சண்டையும்தானே. ஆயிரத்து இருநூறு மில்லியன் டாலர் கொடுத்துப் பாம் நிறுவனத்தை 2010-ல் வாங்கிய ஹெச்பி, அதன் வெப்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் டச்பேட் கைக்கணினியை அடுத்த ஆண்டு ஜூலையில் இறக்கி, 49 நாளில் கையை உதறியது. செயலி செய்கிறவர்கள் வந்து சேரவே நேரம் கிடைக்கவில்லை. பிளாக்பெரி, பயர்பாக்ஸ் ஓஎஸ், விண்டோஸ் போன் எல்லாம் விழுந்த இடமும் அதுதான்.

முதலாவது நியாயமான வாதம், எனக்குத் தோன்றாதது. உங்கள் பக்கம் பணிசெயல் முறைமையும் தளமும் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன. அதை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் ‘தளம்’ வலைத்தளத்தோடு மோதுவது உங்களுக்கும் உண்டு அல்லவா? ‘ஆப்பிளின் தளம்’ என்று எழுதினால் அங்கேயும் வலைமுகவரி என்றுதானே முதலில் படிப்பார்கள்?

இரண்டாவதில் தோற்றேன். ‘களப்போட்டி’ விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் போகும். ஆகையால் முதல் தடவை ‘செயலிக்களம்’ என்று முழுதாக எழுதிவிட்டு, அதன்பின் அதே கட்டுரையில் ‘களம்’ என்று சுருக்கலாம். பல களங்களிலும் ஓடுவது ‘பல்களச் செயலி’. போட்டியைச் ‘செயலிக்களங்களின் போட்டி’ என்று விரித்து எழுதினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

*

மறு: மறு: மறு: மறு: எரியும் பிளாட்பார்ம் – உதவி தேவை

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

‘செயலிக்களம்’ போட்டு முழுக் கட்டுரையையும் திருத்தினேன். பதினோரு இடங்களில் இயங்குதளம் இருந்தது. அதில் எட்டு களமாக மாறிவிட்டது, மூன்று உண்மையாகவே இயங்குதளம். அந்த மூன்றும் சிம்பியனின் நிரல் பழையதாகிவிட்டது பற்றிய பத்தியில் வருகின்றன. மாற்றியபிறகுதான் நோக்கியா எங்கே சறுக்கியது என்று எனக்கே பிடிபட்டது. புது இயங்குதளமான மீகோவும் 2011-ல் என்9 கைபேசியில் வெளிவந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். களம்தான் அமையவில்லை. அதைத் தேடித்தான் ஈலாப், என்9 வெளிவருவதற்கு முன்பே, மைக்ரோசாஃப்டிடம் போனார். 544 கோடி யூரோவுக்குக் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2015-ல் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

ஆனால் நான் முதலில் கேட்ட இடம் அப்படியேதான் நிற்கிறது. ‘எரியும் களம்’ என்று எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “களத்துல தீப்பிடிச்சா வரப்புல ஏறி ஓடிரலாமே, எதுக்குக் கடல்ல குதிக்கிறான்?” என்று கேட்டார். பதில் இல்லை. அந்தப் பத்தியில் மட்டும் எண்ணெய்க்காரன் நிற்பதை ‘மேடை’ என்றே விட்டுவிட்டு, ஈலாப் ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்து விளையாடினார் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சிலேடை போய்விட்டது. யாருக்காவது அதைக் காப்பாற்ற வழி தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை ஏற்றிவிடுவேன்.

ஒரு களத்துக்குள் போனவர் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதைச் சொல்லும் லாக்-இன்னுக்கும் சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.