புதுப்பிப்பு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பின் ஹப் கழன்றுவிட்டது

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் தடித்த ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) போடுவதற்காகப் பின் ஹப்பை, அதாவது சக்கரம் பொருந்தும் பகுதியை, கழற்றப் பார்த்தால் டேப்பரை (ஷாஃப்ட்டின் கூம்பு முனை) விட்டு அசையவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் வந்துவிட்டன.

மூன்று கால் புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மறந்துவிடுங்கள். அது ஃபிளாஞ்சை (ஹப்பின் தட்டையான விளிம்பு) வளைக்கும், பிறகு பிரேக் டிரம் ஆடும். அம்பத்தூர் லேத்தில் 20 மி.மீ. இரும்புத் தகட்டில் நான்கு வீல் ஸ்டட்டுக்கும் (சக்கரத்தை மாட்டும் திருகுகள்) துளை போட்டு, நடுவில் எம்24 ஃபைன் திரெட் போல்ட்டோடு புல்லர் செய்து வாங்குவதே சரி. ஹப் நட்டை முழுக்கக் கழற்றாமல் ஷாஃப்ட் முனையோடு சமமாக விடுங்கள். அழுத்தம் விடுபடும்போது ஹப் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். நட்தான் அதைப் பிடிக்கும், மரையையும் காக்கும்.

சாவிக்காடியில் (ஹப்பையும் ஷாஃப்ட்டையும் பிணைக்கும் சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) துரு நீக்கும் எண்ணெய் விட்டு, புல்லர் போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் கனமான சுத்தியலால் ஒரே நேரடி அடி. அசையாவிட்டால் இறுக்கத்திலேயே ஓர் இரவு விடுங்கள். கடைசி வழி சூடு: எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஹப் கழுத்தில் மட்டும். அப்படிச் செய்தால் ஆயில் சீலும் பேரிங் கிரீஸும் புதிதாக வேண்டும்.

மாட்டும்போது டேப்பரில் கிரீஸ் தடவாதீர்கள், காய்ந்தே இருக்கட்டும். தேய்ந்த சாவியை மாற்றுங்கள்.