பார்வை போன அத்தைக்காகப் போட்ட தோட்டம்

பார்வை இல்லாதவர்கள் தொட்டும் முகர்ந்தும் அனுபவிக்கிற தோட்டம் பற்றி இங்கே பலரும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் என்னென்ன செடி வைக்கலாம் என்ற பேச்சுதான். எங்கள் வீட்டில் நான் கண்டது, செடியை விட அது நிற்கிற இடம் முக்கியம்.

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினெட்டடி இடம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். முதலில் பக்கவாட்டுப் பார்வை போனது, அப்புறம் நடுவிலும் மங்கியது. இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது. அணைக்கட்டுப் பக்கம் கத்திரித் தோட்டத்திலேயே வளர்ந்தவர். அவரை நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வாசனைச் செடிகளை இரண்டாகப் பிரித்தேன். குண்டுமல்லியும் பவழமல்லியும் தானே மணக்கும். கற்பூரவல்லி, மரு, துளசி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் ஆகியவற்றுக்கு எண்ணெய் இலையில்தான் இருக்கிறது. கை பட்டு இலை கசங்கினால்தான் நன்றாக மணக்கும். அதனால் இவற்றை நடைபாதை ஓரமாக, செங்கல் கட்டி இரண்டரை அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தேன். குனிய வேண்டாம், நடக்கும்போதே கை படும். நெருக்கமாக வைத்தால் எல்லா வாசனையும் கலந்து எது எங்கே என்று புரியாது.

தானே மணப்பவை இரண்டையும் இரண்டு மூலையில் விட்டேன். சாயங்காலம் மல்லி விரியும், விடியற்காலையில் பவழமல்லி உதிரும். பொழுதும் இடமும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. “மரு வாசனை வந்தா குழாயாண்ட வந்துட்டேன்னு தெரிஞ்சிடுது கண்ணு” என்றார் அத்தை. இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார்.

காலுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் கடப்பா கல் போட்டால் வெறுங்கால் பொத்துப்போகும். பாதைக்கு மண்ணை இறுக்கி, திரும்புகிற இடத்தில் மட்டும் கூழாங்கல் பதித்தோம். கல் உறுத்தினால் திரும்ப வேண்டும் என்று அர்த்தம்.

காதுக்குக் கிலுகிலுப்பைச் செடி. காய்ந்த காய்க்குள் விதை குலுங்குவது காற்றடித்தால் நன்றாகக் கேட்கும். விதை விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் சுவரோரம் நட்டேன். அரளி, எருக்கு, கள்ளி, பிரண்டை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதல் மூன்றும் நச்சுச் சாறு உள்ளவை, பிரண்டை பட்டால் அரிக்கும். தடவித் தெரிந்துகொள்கிறவருக்குக் கையில் ஒட்டியது தெரியாது, அதே கையால் கண்ணைத் தேய்த்துவிடுவார்.

முள் செடியும் கூடாது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அத்தை கேட்டதே இலவம்பாடி முள்ளுக்கத்திரி! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம வேலூர்க் காய். “முள்ளு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று கோபப்பட்டார். சரி என்று இரண்டு நாற்று வைத்தேன். காய்த்ததும் பக்கத்தில் நின்று பார்த்தேன். காம்பு முள்ளை ஒதுக்கி, அடியிலிருந்து விரலை ஏற்றி, காயை லேசாக அழுத்தினார். “இது முத்திப்போச்சு, வெதைக்கு உடு. அத அறு.” கண்ணால் பார்த்த எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. பார்வை போனதிலிருந்து அவர் யாருக்கும் வேலை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் யாருக்காகத் தோட்டமோ, அவர் கைக்குப் பழகிய செடி எது என்று முதலில் கேளுங்கள். பாதுகாப்பை அப்புறம் அதற்கேற்றபடி செய்துகொள்ளலாம்.

இப்போது வெட்டிவேர் வேண்டும் என்கிறார். வேர் ஆழமாக இறங்கும், எங்களுக்கு அவ்வளவு மண் இல்லை. ட்ரம்மில் வளர்த்தவர்கள் இருந்தால், வேரை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.