பழைய குங்ஃபூ படங்களை இன்னும் பார்ப்பது வெறும் பழைய பாசமா?

இரவுக்காட்சி:
பழைய ஹாங்காங் குங்ஃபூ படங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே "அந்த மாதிரி இப்போது எவனாலும் எடுக்க முடியாது" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்கு அது பழைய பாசம் என்றுதான் படுகிறது. சின்ன வயதில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்தது, அப்புறம் டிவியில் தமிழ் பேசும் சீனர்களைப் பார்த்தது, அந்த நினைவுதான் இந்தப் படங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. நினைவைக் கழித்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். குருவைக் கொன்றுவிட்டார்கள், பழி வாங்க வேண்டும், எங்கோ ஒரு கிழவர் வித்தை சொல்லித் தருகிறார், கடைசியில் வெட்டவெளியில் அடித்துக்கொள்கிறார்கள், வில்லன் விழுந்த மறு நொடி படம் முடிந்துவிடுகிறது. எழுபதுகள் முழுக்க இதைத்தானே திரும்பத் திரும்ப எடுத்தார்கள்? எல்லா அடிக்கும் ஒரே சத்தம், முகத்தை நோக்கித் திடீர் திடீரென்று ஜூம், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம். சண்டைதான் வேண்டும் என்றால் 2011இல் வந்த இந்தோனேசியப் படம் 'தி ரெய்ட்' பாருங்கள், அதில் அடி விழுந்தால் பார்க்கிறவனுக்கும் வலிக்கும். பழைய படத்தில் ஒருவன் அடிப்பான், மற்றவன் தடுப்பான், முதலிலேயே பேசி வைத்த கணக்கு என்று பார்த்த உடனே தெரிகிறது.

ஷாவ்லின் பித்தன்:
நீங்கள் கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டுப் படத்தை விட்டுவிட்டீர்கள் நண்பரே. 1978இல் ஷா பிரதர்ஸ் படநிறுவனத்துக்காக இயக்குநர் லாவ் கார் லியுங் எடுத்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தையே எடுத்துக்கொள்வோம். பழி வாங்கும் கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாயகன் ஷாவ்லின் பௌத்த மடத்துக்குள் நுழைந்த பிறகு படத்தின் நடுப்பகுதி முழுக்க எதிரியே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் மரக்கட்டைகள் மிதக்கின்றன, அதன் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. விழுகிறான், நனைகிறான், மறுபடி விழுகிறான். அப்புறம் தண்ணீர் சுமக்க வேண்டும். இரண்டு கையிலும் வாளி, மேல்கைகளில் கத்தி கட்டியிருக்கிறது, அதன் முனை விலாவைப் பார்த்து நிற்கிறது. கை சோர்ந்து தாழ்ந்தால் குத்திவிடும், அதனால் கையை விரித்தபடியே படியேற வேண்டும். இன்னொரு கூடத்தில் தலைக்கு இரண்டு பக்கமும் கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்திகள், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி நகரும் வெளிச்சத்தைப் பின்தொடர வேண்டும், திருப்பினால் கன்னம் சுடும்.

இன்றைய படம் இதையெல்லாம் ஒரே ஒரு பாட்டில் முடித்துவிடும். பாட்டு தொடங்கும்போது ஓட முடியாதவன், முடியும்போது மலை உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். லாவ் அப்படி விடவில்லை. ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆகும் காலத்தைப் பார்க்கிறவனும் கடந்தாக வேண்டும் என்று உட்கார வைக்கிறார். நான் திரும்பத் திரும்பப் போவது அதற்காகத்தான். உடம்பு ஒரு வித்தையைப் பழகுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு வகைப் படம் எனக்குத் தெரியாது. நான் இதை முதலில் பார்த்ததே வேலைக்குப் போன பிறகுதான், இதில் சின்ன வயதுப் பாசம் எங்கிருந்து வந்தது?

இரவுக்காட்சி:
எல்லோரும் காட்டும் ஒரே படத்தை நீங்களும் காட்டுகிறீர்கள். ஒரு நல்ல படத்தைக் காட்டி மொத்த வகையையும் காப்பாற்ற முடியாது. ஷா பிரதர்ஸ் கிளியர்வாட்டர் பே ஸ்டுடியோவில் ஒரே தெரு செட்டை, ஒரே சத்திரத்தை, ஒரே கோயில் வாசலை வைத்துத் தொழிற்சாலை மாதிரி படம் எடுத்துத் தள்ளியவர்கள். அதில் பயிற்சி என்று வந்தாலும் பாதிப் படங்களில் கிழவர் கல்லைத் தூக்கச் சொல்வார், இவன் தூக்குவான், அவ்வளவுதான்.

கம்புக்காரன்:
நான் சிலம்பம் பழகுகிறவன், அதனால் சண்டை பேசி வைத்த கணக்கு என்ற இடத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பேசி வைத்ததுதான். ஆனால் பேசி வைத்து ஆடினாலும் கால் பொய் சொல்லாது. எங்கள் வாத்தியார் கம்பைப் பார்க்கவே மாட்டார், சுவடு சரியாக விழுகிறதா என்று தரையைத்தான் பார்ப்பார். இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கும் கண் தரைக்குத்தான் போகிறது, காரணம் அந்தப் படங்களில் தரை தெரிகிறது. உச்சந்தலை முதல் பாதம் வரை இரண்டு பேரும் சட்டத்துக்குள் இருக்கிறார்கள், பத்து இருபது அசைவு முடிந்த பிறகுதான் வெட்டு விழுகிறது. தெரியாதவனை வைத்து இப்படி எடுக்க முடியாது. இன்று முகம், கை, முகம், உடைந்த மேசை என்று வெட்டி ஒட்டினால் யாரை வேண்டுமானாலும் வீரனாக்கிவிடலாம்.

லாவ் கார் லியுங்கின் அப்பா லாவ் சாம், லாம் சாய் விங்கின் மாணவர். லாம் சாய் விங், பேர்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபே ஹுங்கின் மாணவர். அதாவது திரையில் நாம் பார்க்கும் ஹுங் கார் என்ற குங்ஃபூ முறை, சண்டைப் பயிற்சியாளர் எங்கோ படித்துவிட்டு வந்தது இல்லை, வீட்டில் வாழையடி வாழையாக வந்தது. 1984இல் லாவ் எடுத்த 'தி எய்ட் டயக்ராம் போல் ஃபைட்டர்' முழுக்கக் கம்புதான். மடத்துத் துறவிகள் மரத்தால் செய்த ஓநாய்ப் பொம்மைகளை வைத்துப் பழகுகிறார்கள், கம்பு நுனியால் அதன் பல்லைப் பிடுங்க வேண்டும், கொல்லக் கூடாது, பல்லை மட்டும். கடைசிச் சண்டையில் அதையே மனிதர்கள் மேல் செய்கிறார்கள், பார்க்கவே கூசும். அந்தப் படம் முடிவதற்கு முன்பே, 1983இல், அதில் நடித்த அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார், கதையை மாற்றித்தான் முடித்தார்கள். படம் முழுக்க இருக்கும் வெறியும் துக்கமும் எனக்கு வேறு எந்தக் கம்புச் சண்டையிலும் கிடைத்ததில்லை.

அப்புறம், படம் மோசமாக இருக்கிறது என்கிறவர்கள் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஷா படங்கள் அகலத்திரைக்கு எடுத்தவை. வீடியோ கேசட்டில் இரண்டு ஓரத்தையும் நறுக்கிவிட்டார்கள், அடிப்பவன் தெரிவான், அடி வாங்குபவன் பாதி வெளியே இருப்பான். 2000க்குப் பிறகு செலஸ்டியல் பிக்சர்ஸ் அந்த 760 படங்களின் உரிமையை வாங்கித் துடைத்துச் சுத்தம் செய்து வெளியிட்டது. அதில் பாருங்கள்.

நடுவரிசை:
உதடு பொருந்தாததைக் குறை சொல்வது எனக்குப் புரியவே இல்லை. அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் படப்பிடிப்பில் பெரும்பாலும் ஒலியே பதிவு செய்ய மாட்டார்கள், எல்லாம் பின்னால் பேசிச் சேர்த்ததுதான். நம்மூர்ப் படங்களுக்கும் டப்பிங் தியேட்டர்தானே?

ஆனால் ஷா பிரதர்ஸ் மட்டுமே குங்ஃபூ என்பது போல இங்கே பேச்சு போகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. புரூஸ் லீ கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற இன்னொரு படநிறுவனத்துக்காக நடித்த படங்களில் தடுப்பதும் அடிப்பதுமாக நீளும் கணக்கே கிடையாது, பெரும்பாலும் ஓர் அடி, ஆள் காலி. 1972இல் அவரே இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' படத்தின் ரோம் கொலோசியம் சண்டையைப் பாருங்கள். எதிரியாக வரும் சக் நாரிஸிடம் முதலில் அடி வாங்குகிறார், விழுகிறார். பிறகு எழுந்து முறையையே மாற்றுகிறார், கால்களைத் துள்ள விட்டு, எட்டி நின்று, எதிரியின் தாளத்தைக் குலைக்கிறார். ஒருவர் சண்டைக்கு நடுவிலேயே யோசித்து மாறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கொன்ற பிறகு அவருடைய சட்டையையும் பெல்டையும் எடுத்து வந்து உடல் மேல் போர்த்திவிட்டு மண்டியிடுகிறார். இதில் எங்கே இருக்கிறது மலையும் கிழவரும்? 1973 ஜூலையில் 32 வயதில் போய்விட்டார், 'என்டர் தி டிராகன்' திரைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

ஷாவ்லின் பித்தன்:
நடுவரிசை, புரூஸ் லீயின் வேகத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் படங்களில் அவர் வரும்போதே எல்லாம் தெரிந்தவராகத்தான் வருகிறார். நம்மைப் போன்ற ஒருவன் ஒன்றும் தெரியாமல் தொடங்கி ஓர் இடத்துக்கு வருவது அங்கே இல்லை. எனக்கு வேண்டியது அது.

தாமரைக்குளம்:
எல்லோரும் பயிற்சி பயிற்சி என்று கொண்டாடுகிறீர்கள், அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூன்று பேரும் யூ ஜிம் யுவென் நடத்திய பீக்கிங் ஒபேரா (சீன இசை நாடகம்) பள்ளியில் வளர்ந்தவர்கள். ஜாக்கி சானை அவர் பெற்றோர் பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து இரவு வரை பயிற்சி, தவறினால் பிரம்படி, இதை அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். 1988இல் 'பெயின்டட் ஃபேசஸ்' என்று அந்தப் பள்ளியைப் பற்றிப் படமே வந்தது, அந்த வாத்தியாராக நடித்தவர் சம்மோ ஹங். வெட்டாமல் எடுத்த இருபது அசைவு என்று நீங்கள் வியக்கும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அடி வாங்கிய குழந்தை இருக்கிறது. "இப்போது யாராலும் முடியாது" என்கிறீர்களே, முடியாமல் போனது நல்லது என்று நான் சொல்கிறேன்.

இன்னொன்று, இந்தத் திரி முழுக்க ஆண்கள் பெயர்தான். ஷா பிரதர்ஸ் இயக்குநர் சாங் சே படங்களில் பெண் என்றால் அழுவதற்கும் தடுப்பதற்கும்தான். ஆனால் 1966இலேயே இயக்குநர் கிங் ஹூவின் 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் செங் பெய் பெய் சத்திரத்தில் தனியாக உட்கார்ந்து, சுற்றி வளைத்த ரவுடிகளைப் பதற்றமே இல்லாமல் சமாளிப்பதை யாராவது மறக்க முடியுமா? அவர் பாலே நடனம் கற்றவர், குங்ஃபூ குடும்பம் எல்லாம் இல்லை. 'மை யங் ஆன்ட்டி' படத்துக்காகக் காரா ஹூய்தான் ஹாங்காங் திரைப்பட விருதுகளின் முதல் ஆண்டிலேயே சிறந்த நடிகை. அந்தப் படத்தை எடுத்ததும் உங்கள் லாவ் கார் லியுங்தான், ஆனால் உங்கள் பட்டியலில் அது வரவில்லை.

இரவுக்காட்சி:
நான் தொடங்கியதைவிட இது பெரிய கேள்வி. தாமரைக்குளம் சொன்னதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
நடுவில் ஒன்று. குங்ஃபூவைக் கற்றுக் கொடுத்ததே காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே, '7ஆம் அறிவு' படத்தில் கூட வந்ததே. அந்தப் பெருமையை யாரும் பேசவில்லையே?

கம்புக்காரன்:
தெற்குவாசல் தம்பி, போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று மரபு சொல்கிறது, தியான மரபில் அவர் இடம் பெரியது. ஆனால் அவர் சண்டை கற்றுக் கொடுத்தார் என்பது பதினேழாம் நூற்றாண்டில் அவர் பெயரில் கிளம்பிய ஒரு நூலிலிருந்து பின்னால் வளர்ந்த கதை. ஷாவ்லின் துறவிகள் 621இல் தாங் அரச குடும்பத்துக்காகப் போரிட்டதற்குக் கல்வெட்டு இருக்கிறது, அதில் அவர் சொல்லிக்கொடுத்த வித்தை என்று ஒன்றும் இல்லை. சரி, இதற்குத் தனித் திரி போடுங்கள், வந்து பேசுகிறேன்.

ஷாவ்லின் பித்தன்:
தாமரைக்குளம், காரா ஹூய் படத்தைச் சேர்த்தே ஆக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் நான் அந்தப் பள்ளிக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. அது கொடுமை. ஆனால் எல்லோரும் அந்த வழியாக வரவில்லையே. நீங்களே சொன்ன செங் பெய் பெய் நடனத்திலிருந்து வந்தவர், லாவ் தன் அப்பாவிடம் கற்றவர், இப்படிப் பல வழிகள் இருந்தன. அதோடு அந்தப் பள்ளியில் பட்டவர்கள் நடித்த படங்களில் அந்த வலியே பொருளாக வருகிறது என்பதையும் பாருங்கள். 1978இல் யுவென் வூ பிங் எடுத்த 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் கிழவர் ஜாக்கி சானைப் படுத்தும் பாடு சிரிக்க வைக்கிறது, ஆனால் பையன் பயிற்சி தாங்காமல் ஓடியே போகிறான். அந்தக் கிழவராக நடித்தவர் இயக்குநரின் அப்பா, அவரும் ஒபேரா மேடையிலிருந்து வந்தவர். அவன் பழகும் எட்டுக் குடிகாரத் தேவர்களின் சண்டை முறையில் எட்டாவது பெண் தேவதையுடையது, பெண்பிள்ளை ஆட்டம் என்று பையன் அதை மட்டும் ஒழுங்காகப் பழகாமல் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் மற்ற ஏழும் போதாமல் போகும்போது அந்த எட்டாவதைத் தானே கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது, அதில்தான் ஜெயிக்கிறான். அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அவனாகவே கண்டுபிடிக்கிறான். '36த் சேம்பர்' நாயகனும் இரட்டைக் கத்தி ஏந்திய மூத்த துறவியிடம் தோற்றுத் தோற்று, தானாகவே மூன்று துண்டுக் கம்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அவரை ஜெயிக்கிறான்.

தாமரைக்குளம்:
படத்துக்குள் அந்த வலி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே பட்டது அதனால் குறைவதில்லை. நான் பார்க்காமல் இருக்கப் போவதில்லை, அந்தக் காலமே வேண்டும் என்று ஏங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இரண்டும் வேறு.

இரவுக்காட்சி:
தாமரைக்குளம் சொன்னதோடு ஒத்துப் போகிறேன். என் முதல் குறை அப்படியே நிற்கிறது: சண்டைக்குச் சண்டை, பழிக்குப் பழி. ஆள் சாகாத, குருவைக் கொல்லாத ஒரு படம் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

ஷாவ்லின் பித்தன்:
காட்டுகிறேன். 1978இலேயே வந்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்'. சீனக் கணவன், ஜப்பானிய மனைவி, யார் நாட்டு வித்தை பெரிது என்று வீட்டுக்குள் தொடங்கிய சண்டை ஜப்பானிலிருந்து ஆசான்கள் வந்து இறங்கும் அளவுக்குப் போகிறது. ஒரு கொலை கிடையாது. அடுத்து 1979இல் வந்த 'டர்ட்டி ஹோ'. அதில் கோர்டன் லியு தன்னை மறைத்துக்கொண்டிருக்கும் இளவரசர். மதுவைச் சுவைத்துப் பார்க்க வாருங்கள் என்று அழைக்கிறார் ஒருவர், அழைத்தவர் கொல்ல வந்தவர், இவருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் உபசார வார்த்தை பேசிக்கொண்டே, கோப்பையை நீட்டிக்கொண்டே, மேசைக்கு மேலும் கீழும் அடித்துக்கொள்கிறார்கள். முகத்தில் மரியாதை கலையவே கலையாது, மதுவும் சிந்தக் கூடாது. அந்த ஒரு காட்சியை மட்டும் பாருங்கள், ஒலியை நிறுத்திவிட்டு வேண்டுமானாலும் பாருங்கள்.

இரவுக்காட்சி:
'டர்ட்டி ஹோ' இன்று இரவு பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் இதே திரியில் விரிவாகவே எழுதுவேன்.

கம்புக்காரன்:
அகலத்திரைப் பிரதியில் பாருங்கள், ஓரம் நறுக்கியது வேண்டாம்.